சாவியார் மறந்த கடவுச்சொல்

அந்த ஊரில் சாவியார் கைபட்டுத் திறக்காத பூட்டு ஒன்றுகூட இல்லை. இதை அவர் வாயால் சொல்லிக்கொண்டு திரிந்ததில்லை. சொல்லும் வேலையைக் கடைவாசல் பலகையிடம் ஒப்படைத்திருந்தார். சிவப்புப் பலகை, வெள்ளை எழுத்து: 'திறக்க முடியாத பூட்டு இல்லை.' முப்பத்தெட்டு வருடமாகத் தொங்குகிறது. ஐந்து முறை வண்ணம் பூசியாகிவிட்டது. ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை.

ஒருமுறை ஒரு நகைக்கடையின் இரும்புப் பெட்டி மூன்று நாள் முரண்டு பிடித்தது. வெளியூரிலிருந்து வந்த இரண்டு பொறியாளர்கள் அதன் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். சாவியார் போனார், கருவிப் பையைத் தரையில் வைத்தார், தொண்டையைச் செருமினார். பெட்டி திறந்துகொண்டது. இன்னொரு முறை குளியலறையில் மாட்டிக்கொண்ட பல் மருத்துவர் ஒருவர் உள்ளேயிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார். "போனைப் பூட்டுக்குப் பக்கத்துல வைங்க" என்று சொல்லிவிட்டு, சாவியார் பூட்டிடம் ஒரு நிமிடம் தாழ்ந்த குரலில் பேசினார். என்ன பேசினார் என்று பல் மருத்துவருக்குக் கேட்கவில்லை. பூட்டுக்குக் கேட்டிருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் அந்தக் கதவைப் போய்ப் பார்க்கலாம். இன்றைக்கும் சாவியார் அந்தப் பக்கம் நடந்தால் அது லேசாக ஆடும்.

இப்படிப்பட்டவர், ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, தன் வீட்டுக் கணினியின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரே ஒரு வரி: 'கடவுச்சொல் தவறு.'

அந்தக் கணினி வீட்டுக்குள் வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொரு சாவிக்கும் வெட்டு எண் என்று ஒன்று உண்டு. எந்தப் பல் எவ்வளவு ஆழம் என்று சொல்லும் எண். அது கையில் இருந்தால் பூட்டைப் பார்க்காமலே புதுச் சாவி வெட்டிவிடலாம். ஊரில் இருக்கும் அத்தனை சாவிகளின் வெட்டு எண்களையும் சாவியார் ஆறு தடித்த நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். ஒரு மழைக்காலத்தில் இரண்டாவது நோட்டில் பூச்சி புகுந்து, தபால் நிலையத்தில் ஆரம்பித்து தீயணைப்பு நிலையம் வரைக்கும் தின்றுவிட்டது. மிச்சம் இருந்ததைக் காப்பாற்றத்தான் கணினி வாங்கினார். நான்கு மாதம் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எல்லாவற்றையும் உள்ளே ஏற்றினார். அந்த விரல் இப்போதும் மற்ற விரல்களைவிடக் கொஞ்சம் குட்டை. ஏற்றி முடித்ததும் நோட்டுகளை ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டார். ஊரின் சாவியெல்லாம் இரண்டு இடத்தில் இருப்பது ஆபத்து என்பது அவர் கட்சி.

கணினியை அமைத்துக் கொடுத்தவர் அவருடைய மச்சான், அதாவது வீட்டம்மாவின் தம்பி. பேருந்து நிலையத்துக்கு எதிரே கணினி வகுப்பு நடத்துகிறவர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு 'புரிஞ்சுதா' போட்டுத்தான் மூச்சு விடுவார். அதனால் ஊரில் அவருக்குப் பெயரே 'புரிஞ்சுதா வாத்தியார்'. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த அறையில் மேசை போட்டுக் கணினியை வைத்துவிட்டு, பாடத்தை ஆரம்பித்தார்.

"மாமா, இதுல ஆளுக்கு ஒரு அக்கவுண்ட். ஆனா எல்லா அக்கவுண்டும் ஒரே ரகம் இல்ல. அட்மினிஸ்ட்ரேட்டர்னு ஒண்ணு. அவரு எதை வேணா உள்ள போடலாம், எதை வேணா எடுக்கலாம், அடுத்தவங்க பாஸ்வேர்டையே மாத்தலாம். புரிஞ்சுதா?"

"மாஸ்டர் சாவி" என்றார் சாவியார்.

"அடுத்தது ஸ்டாண்டர்டு. தன் வேலையைப் பாக்கலாம். எழுதலாம், படிக்கலாம், பாட்டுக் கேக்கலாம். புதுசா எதையாவது உள்ள போடணும்னா மட்டும் அட்மின் பாஸ்வேர்டு கேக்கும். புரிஞ்சுதா?"

"அறைச் சாவி. தன் கதவைத் திறக்கும், எதிர்க் கதவைத் திறக்காது."

"கடைசியா கெஸ்ட். யாராவது வந்தா ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போறதுக்கு. அவங்க போனதும் அவங்க சுவடே இருக்காது."

"வாசல்ல போட்ட நாற்காலி. அதுக்கு எதுக்குச் சாவி?"

வாத்தியாருக்கு வயிறு குளிர்ந்தது. முப்பது பேர் வகுப்பில் மூன்று வாரம் எடுக்கும் பாடம் இங்கே மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அடுத்த வாக்கியத்தில் வண்டி குடை சாய்ந்தது.

"நீங்களும் தினசரி வேலைக்கு ஸ்டாண்டர்டுலயே இருங்க மாமா. அட்மின் தனியா ஒரு ஓரமா இருக்கட்டும். அவசரத்துக்கு மட்டும் எடுத்துக்கலாம்."

"என் வீட்டுல நான் சாதா ஆளா?"

"மாஸ்டர் சாவியை இடுப்புல கட்டிக்கிட்டா சந்தைக்குப் போவீங்க?"

"கட்டிக்கிட்டுத்தான் போறேன். முப்பத்தெட்டு வருஷமா போறேன்." வேட்டி மடிப்பைத் தூக்கிக் காட்டினார். இருந்தது.

"சரி, அவசரத்துக்கு இன்னொரு ஆளையாவது அட்மினாப் போட்டு வைங்க. அக்காவைப் போடுங்களேன்."

"ரெண்டு மாஸ்டர் சாவி இருந்தா அதுக்குப் பேரு மாஸ்டர் சாவி இல்ல மச்சான். ஜோடிச் சாவி."

அப்படியாக சாவியார் அட்மின் ஆனார், வீட்டம்மா ஸ்டாண்டர்டு ஆனார். வாத்தியாருக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. "பாஸ்வேர்டை நீளமா வைங்க, யாருக்கும் சொல்லாதீங்க, புரிஞ்சுதா?" என்று படியிறங்கியபடியே சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் இன்னும் ஐந்து நிமிடம் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஏனென்றால், கடவுச்சொல்லை வாங்கிக்கொண்ட கணினி, அடுத்து ஒரு கட்டத்தைக் காட்டியது: 'மறந்தால் நினைவூட்ட ஒரு குறிப்பு எழுதவும்.'

சாவியார் அதை இரண்டு முறை படித்தார். குறிப்பா? யாருக்கு? பூட்டு செய்தவன் சாவியை மறப்பானா? அப்படியானால் அதைப் படிக்கப்போகிறவன் திருடன் ஒருவன்தான். திருடனுக்கு வழி காட்டுகிற பூட்டுக்காரன் உலகத்தில் உண்டா? ஆனால் வழி தவற வைக்கலாம். தொழிலில் அவர் செய்கிற வேலைதான். சில பூட்டுகளில் பார்வைக்கு ஒரு பொய்த் துளை வைப்பார், திருடன் அதையே குடைந்துகொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பான். சாவியார் மீசைக்குள் சிரித்துக்கொண்டு, கடவுச்சொல்லுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு குறிப்பை எழுதினார்: 'மனைவியின் பிறந்தநாள்.'

அதோடு விட்டாரா? ஒரு சாவி மூன்று முறை அடுத்தவர் எதிரில் வெளியே வந்துவிட்டால் பூட்டையே மாற்ற வேண்டும் என்பது அவருடைய இன்னொரு விதி. கடவுச்சொல்லையும் அப்படியே மாற்றினார். மாற்றும்போதெல்லாம் குறிப்பை மட்டும் அப்படியே விட்டுவைத்தார். நல்ல பொய்யை எதற்கு வீணாக்குவது?

வீட்டம்மாவுக்குக் கணினியில் ஒரே வேலைதான்: நகராட்சிக்குப் புகார்க் கடிதம் எழுதுவது. அதில் அவர் சாமானியப்பட்டவர் இல்லை. அவர் கடிதத்துக்குப் பயந்து தெருவிளக்குகள் பகலிலும் எரிந்தன. பகலில் ஏன் எரிகிறது என்று இன்னொரு கடிதம் போன பிறகுதான் நேரத்துக்கு எரியக் கற்றுக்கொண்டன. இந்த வேலைக்குப் புது எழுத்துரு வேண்டும், அச்சு இயந்திரத்தை இணைக்க வேண்டும், இன்னும் என்னென்னவோ வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கணினி அட்மின் கடவுச்சொல் கேட்கும். வீட்டம்மா கடைப்பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பார். சாவியார் கையைத் துடைத்துக்கொண்டு வருவார்.

"சுவத்தைப் பாத்து உட்காரு."

"முப்பத்தஞ்சு வருஷமா உங்க கூடக் குடும்பம் நடத்துறேன். நான் சுவத்தைப் பாக்கணுமா?"

"தொழில் தர்மம்."

வீட்டம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டு வெளிர்பச்சைச் சுவரைப் பார்ப்பார். சாவியார் தட்டுவார். "சரி, திரும்பலாம்" என்பார். இப்படியே ஓடியது.

நடுவில் மகளும் மருமகனும் வந்து பத்து நாள் தங்கினார்கள். மாப்பிள்ளை சாது. ஓய்வு நேரத்தில் பந்தாட்ட முடிவு பார்ப்பதைத் தவிர உலகத்திடம் எதுவும் கேட்காதவர். சாவியார் அவரை கெஸ்ட் வழியாக உள்ளே விட்டார். மகளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"ஆறு வருஷம் ஆச்சுப்பா, இன்னமும் அவர் விருந்தாளியா?"

சாவியார் அவசர அவசரமாக 'மாப்பிள்ளை' என்ற பெயரில் புது அக்கவுண்ட் ஒன்று திறந்தார். என்ன ரகம் என்று கணினி கேட்டது. அவர் விரல் ஸ்டாண்டர்டு பக்கம் போனது. தோளுக்குப் பின்னாலிருந்து மகள் குரல் வந்தது: "சாதாவா? அவரையா?" விரல் எங்கேயோ வழுக்கி எதையோ தொட்டது. எதைத் தொட்டோம் என்று சாவியார் பார்க்கவில்லை. மகள் முகம் மலர்ந்ததை மட்டும் பார்த்தார். அந்த அக்கவுண்டுக்கு மாப்பிள்ளை தன் கையாலேயே ஒரு கடவுச்சொல் வைத்துக்கொண்டார். அவர்கள் ஊருக்குப் போன பிறகு வீட்டம்மா கடைப்பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பது மெல்ல மெல்ல நின்றுபோனது. ஒருவழியாக அடங்கிவிட்டாள் என்று சாவியார் நினைத்துக்கொண்டார்.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருவோம்.

காலை பத்து மணிக்கு நூலகக்காரம்மா மூச்சிரைக்க வந்தார். பன்னிரண்டு கண்ணாடி அலமாரிகளின் சாவிக்கொத்து கழிவுநீர்க் கால்வாயில் விழுந்துவிட்டது. எல்லாம் பழைய காலத்துக் கண்ணாடி. பூட்டில் கம்பி விட்டு ஆட்டினால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

"பூட்டைத் தொடவே வேணாம்" என்றார் சாவியார். "நம்பர் இருக்கு. நாலு மணிக்கு வாங்க. பன்னிரண்டு சாவி தயாரா இருக்கும்."

உள்ளே வந்தார். கடவுச்சொல்லைத் தட்டினார். தவறு. போன வெள்ளிக்கிழமைதான் மாற்றினோம் என்பது நினைவுக்கு வந்தது. எதிலிருந்து மாற்றினோம் என்பதும் வந்தது. எதற்கு மாற்றினோம் என்பது மட்டும் வரவில்லை. திரையின் அடியில் குறிப்பு பல்லைக் காட்டியது: 'மனைவியின் பிறந்தநாள்.'

ஐந்தாவது முறை தவறியதும் கணினி, கொஞ்ச நேரம் கழித்து வரச் சொன்னது.

"ரோஷக்காரப் பூட்டு" என்று முணுமுணுத்தார். அதன்மேல் மரியாதைகூட வந்தது.

அப்புறம் தொழில்முறையாக இறங்கினார். பெரிதாக்கும் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு விசைப்பலகையை ஆராய்ந்தார். பூட்டுக்குப் போடும் கரித்தூள் எப்போதும் அவர் விரலில் இருக்கும்; அடிக்கடி தட்டிய எழுத்துகள் கறுத்திருக்க வேண்டும் அல்லவா? கறுத்துத்தான் இருந்தன. எல்லாமே. சரி, எவை அதிகம் தேய்ந்திருக்கின்றன என்று பார்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் வரிசையாக எழுதினார். ஒரு மணி நேரம் புரட்டிப் புரட்டி அடுக்கியதில் ஒரு சொற்றொடர் கிடைத்தது: 'நகராட்சி ஆணையர் அவர்களுக்கு.' தேய்த்தவர் வீட்டம்மா.

மதியம் புரிஞ்சுதா வாத்தியார் வந்து எட்டிப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"வேற அட்மின் யாராவது இருக்காங்களா மாமா?"

"நான் ஒருத்தன்தான்" என்றார் சாவியார். அந்த நிலைமையிலும் குரலில் ஒரு மிடுக்கு.

கையில் பேனாவோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்த வீட்டம்மா வாயைத் திறந்தார். "நான் என்ன சொல்றேன்னா..."

"நீ சும்மா இரு. இது அட்மின் சமாச்சாரம்."

வீட்டம்மா வாயை மூடிக்கொண்டு, பேனாவையும் மூடிக்கொண்டார்.

"அப்ப ஒரே வழிதான்" என்றார் வாத்தியார். "எல்லாத்தையும் அழிச்சுட்டு மொதல்லேருந்து போடணும். உள்ள இருக்குற நம்பரெல்லாம் போயிடும். வேற எங்கயாவது காப்பி இருக்கா?"

"காப்பி இருந்தா அது எப்படி ரகசியம்?"

"நோட்டு?"

சாவியார் அடுப்பைப் பார்த்தார். வாத்தியாரும் அடுப்பைப் பார்த்தார்.

"மாமா, வாசல் பலகையைக் கழட்ட ஏணி வேணுமா?"

சாவியாருக்குச் சுருக்கென்று தைத்தது. "நாலு மணிக்குள்ள திறக்கிறேன்டா. திறக்கலேன்னா நானே கழட்டுறேன். திறந்துட்டா ஒரு மாசம் கடையில விழுற இரும்புத்தூளை நீதான் கூட்டி அள்ளணும்."

"சம்மதம். சாட்சி, அக்கா."

சாட்சி அதற்குள் திரைக்குப் பக்கத்தில் வந்திருந்தார். குறிப்பைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். முப்பத்தைந்து வருடத்தில் சாவியார் பார்த்திராத ஒரு குழைவு அவர் முகத்தில் பரவியது.

"என்னங்க... என் பொறந்தநாளையா பாஸ்வேர்டா வச்சிருக்கீங்க?"

சாவியார் இரும்புப் பெட்டிகளை எதிர்கொண்டவர், கொள்ளைக்காரர்கள் விட்டுப்போன பூட்டுகளை எதிர்கொண்டவர். இந்த முகத்தை எதிர்கொள்ளப் பழக்கமில்லை. தலை தானாக ஆடிவிட்டது. ஆமாம் என்கிற பக்கமாக.

"அப்புறம் என்ன, போடுங்க!" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார் வீட்டம்மா.

சாவியார் போட்டார். எதையோ போட்டார். கணினி மறுத்தது.

"அது நம்ம கல்யாண நாள்" என்றார் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்த வீட்டம்மா. குழைவு இன்னும் இருந்தது.

மறுபடி போட்டார்.

"அது நீங்க கடை திறந்த நாள்." குழைவு பாதியானது.

மறுபடி.

"அது நம்ம ஃப்ரிட்ஜ் வாங்கின நாள்."

வாத்தியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு ஏதோ ராகம் முனகினார். அவருக்கு அக்காவின் பிறந்தநாள் தெரியும். அக்காவின் முகத்தையும் தெரியும். இரண்டையும் தெரிந்தவன் அந்த நேரத்தில் வாயைத் திறக்க மாட்டான்.

"இன்னும் எத்தனை நாள் இருக்கு வருஷத்துல?" என்று கேட்டார் வீட்டம்மா. "ஒவ்வொண்ணாப் போட்டுப் பாருங்க. நான் காத்திருக்கேன். சுவத்தைப் பாத்தே பழக்கம்."

சுவர்க்கடிகாரம் மூன்றரை காட்டியது. சாவியாருக்கு நெற்றியில் வியர்வை பூத்தது. அவர் மனதில் இரண்டு பலகைகள் ஆடின. ஒன்று வாசலில் தொங்கும் சிவப்புப் பலகை. இன்னொன்று எதிரே உட்கார்ந்திருந்தது, நிமிடத்துக்கு நிமிடம் சிவந்துகொண்டே. முதலாவது கழன்றால் திரும்ப மாட்டிவிடலாம். இரண்டாவதுக்கு ஏணியே கிடையாது.

விரலை விசைப்பலகையிலிருந்து எடுத்தார். அவர் வாழ்க்கையில் ஒரு பூட்டின் மேலிருந்து வேலை முடியாமல் கையை எடுத்தது அதுதான் முதல் முறை.

"இந்தா பாரு. உண்மையைச் சொல்லிடறேன். அந்தக் குறிப்பு பொய். திருடன் வந்தா குழம்பட்டும்னு எழுதினது. பாஸ்வேர்டு உன் பொறந்தநாள் இல்ல."

"அப்ப ஏன் அரை மணி நேரமா அதைத் தேடுனீங்க?"

"நீ கேட்டப்ப உன் முகம் அப்படி ஆச்சு. இல்லேன்னு சொல்ல வாய் வரல."

"சரி. பாஸ்வேர்டு எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டும். என் பொறந்தநாள் என்னைக்கு?"

 வாத்தியாரின் ராகம் நின்றுவிட்டது.

"தெரியாது" என்றார் சாவியார். குரல், பல் மருத்துவர் வீட்டுப் பூட்டிடம் பேசிய அதே தாழ்ந்த குரல். "தெரிஞ்சிருக்கணும். தெரியல. நீயே சொல்லிடு. கம்ப்யூட்டருக்காகக் கேக்கல. அது போனாப் போகட்டும்."

வீட்டம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். எங்கேயோ 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டதாக சாவியார் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். பூட்டுக்குள் நெம்புகோல் விழுகிற சத்தம். அவருக்கு அது பழக்கமான சத்தம்.

"எந்திரிங்க" என்றார் வீட்டம்மா.

சாவியாரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்தார். திரையில் சாவியார் பெயரை விட்டுவிட்டு 'மாப்பிள்ளை' என்ற பெயரைத் தொட்டார். கடவுச்சொல் கேட்டது. எட்டு எண்களை மளமளவென்று தட்டினார். கணினி வாயெல்லாம் பல்லாகத் திறந்துகொண்டது.

"இப்ப தட்டினதுதான் என் பொறந்தநாள்" என்றார் திரும்பாமலே. "மாப்பிள்ளை வச்சது. வருஷா வருஷம் அத்தை பொறந்தநாளை மறந்துட்டு நம்ம பொண்ணுகிட்ட திட்டு வாங்குறாராம். தினமும் தட்டினா மறக்காதுன்னு வச்சாராம். போகும்போது என்கிட்ட சொல்லிட்டுப் போனாரு, நல்ல பிள்ளை."

சாவியார் திரையையும் குறிப்பு இருந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். குறிப்பு சரியாகத்தான் இருந்திருக்கிறது. கதவுதான் வேறு.

"அது சரி அக்கா" என்றார் வாத்தியார், "ஆனா இது மாப்பிள்ளையோட அக்கவுண்ட். இதுலேருந்து மாமாவோடதைத் தொட முடியாதே. அதுக்கு அட்மின் வேணும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. என் பேர்ல போனா எதுக்கெடுத்தாலும் பாஸ்வேர்டு கேக்கும். இவரு வந்து சுவத்தைப் பாருன்னு சொல்வாரு. மாப்பிள்ளை பேர்ல போனா பாஸ்வேர்டே கேக்காது. 'சரியா?'ன்னு மட்டும் கேக்கும். நான் 'சரி'ம்பேன். அவ்வளவுதான். நாலு மாசமா எல்லாம் இப்படித்தான் போட்டுக்கிறேன்."

வாத்தியார் ஜன்னலை விட்டுப் பாய்ந்து வந்தார். நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சாவியார் பக்கம் திரும்பினார்.

"மாமா... மாப்பிள்ளையை அட்மினாப் போட்டிருக்கீங்க. பேருல என்ன எழுதியிருக்குங்கறது முக்கியமே இல்ல, ரகம்தான் முக்கியம். புரிஞ்சுதா?"

சாவியாருக்கு மகளின் முகம் மலர்ந்த அந்த நாள் நினைவுக்கு வந்தது. புரிந்தது. பாவம், அந்த மாப்பிள்ளைக்குத்தான் கடைசிவரை புரியவில்லை. ஊரின் அத்தனை சாவிகளுக்கும் அதிபதியாக உட்கார்ந்துகொண்டு பந்தாட்ட முடிவு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இரண்டு நிமிட வேலை. வாத்தியார் சொல்லச் சொல்ல, வீட்டம்மா சாவியாரின் அக்கவுண்டுக்குப் புதுக் கடவுச்சொல் வைத்தார். உள்ளே வெட்டு எண்கள் ஒன்றுகூடக் குறையாமல் வரிசையாக நின்றன. சாவியார் நூலகத்தின் பன்னிரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு ஓடினார். வெட்டும் இயந்திரம் போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர் மழை வருகிறது என்று குடையை விரித்தார். மூன்று ஐம்பதுக்கு ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் பன்னிரண்டு சாவி வெட்ட எந்த மனிதனாலும் முடியாது. சாவியாராலும் முடியவில்லை. ஆனால் நூலகக் கடிகாரம் எப்போதுமே இருபது நிமிடம் பிந்தித்தான் ஓடும். நூலகக்காரம்மா அதை நம்பித்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். அவர் தன் நாலு மணிக்கு வந்தபோது பன்னிரண்டு சாவிகளும் ஆறிப்போய் வரிசையாகத் தொங்கின.

அவர் போனதும் வழக்கு விசாரணைக்கு வந்தது.

"நாலு மணிக்குள்ள திறந்தாச்சு" என்றார் சாவியார்.

"நீங்க திறக்கலையே மாமா. அக்கா இல்ல திறந்தாங்க?"

"திறந்தது என் பூட்டு."

"திறந்தது உங்க பூட்டு, திறந்த கை வேற கை!"

சாட்சியே நீதிபதியாகி நடுவில் வந்து நின்றார். "ரெண்டு பேரும் கேளுங்க. பூட்டு திறந்துடுச்சு, அதனால பலகை அப்படியே இருக்கட்டும். தம்பி, எம் பொறந்தநாள் தெரிஞ்சும் நீ வாயைத் திறக்கல. நீ ஒரு மாசம் இரும்புத்தூள் அள்ளு. நீங்க..." என்று சாவியார் பக்கம் திரும்பினார்.

"நான்?"

"பலகைக்கு வண்ணம் பூசுறவரை வரச் சொல்லுங்க. கீழ இன்னொரு வரி எழுதணும்."

முப்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாகப் பலகை மாறியது. 'திறக்க முடியாத பூட்டு இல்லை' என்பதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், 'சாவியாரும் வீட்டம்மாவும்' என்று சேர்ந்தது. அவருடைய பழைய கடவுச்சொல் என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, சாவியாருக்கும் தெரியாது. அவ்வளவு கெட்டியான கடவுச்சொல்.

ஒரு வாரம் போயிருக்கும். சாவிகளுக்குப் பெயர்ச்சீட்டு அச்சடிக்க சாவியாருக்கு ஏதோ புதிதாக உள்ளே போட வேண்டியிருந்தது. கணினி ஒரு கட்டத்தைக் காட்டியது: 'அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல்லைத் தரவும்.' அவருக்குத் திக்கென்றது. தன் அக்கவுண்டின் ரகத்தைப் போய்ப் பார்த்தார். ஸ்டாண்டர்டு. மாப்பிள்ளையைப் பார்த்தார். அவரும் ஸ்டாண்டர்டு. வாத்தியார் அள்ளிய இரும்புத்தூளைக் காகிதத்தில் கொட்டிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாவியார் வீட்டுப்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். வீட்டம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சுவத்தைப் பாத்து உட்காருங்க."

"நானா?"

"தொழில் தர்மம்."

சாவியார் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அந்தச் சுவரை அவர் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. மூக்குக்கு நேரே, பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள், ஐந்தைந்தாக. எண்ணிப் பார்த்தார். முப்பத்தொன்று. வீட்டம்மா இந்த நாற்காலியில் உட்கார்ந்த தடவைகள். அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டுத் தனியாக ஒரே ஒரு கோடு, புத்தம் புதிதாக. அது யாருக்கு என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேதி. நாள், மாதம், வருடம், மூன்றும் தெளிவாக.

பின்னால் விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. சாவியார் உதட்டை அசைத்துத் தேதியை மனப்பாடம் செய்தார். ஒருமுறை, இன்னொரு முறை.

"பாஸ்வேர்டையெல்லாமா சுவத்துல எழுதி வைப்பாங்க?" என்று சுவரிடமே கேட்டார்.

"அது இப்ப பாஸ்வேர்டு இல்ல. மாப்பிள்ளைக்கும் சேத்து எல்லாத்தையும் அன்னைக்கே மாத்திட்டேன்."

"அப்புறம் எதுக்கு?"

"எதையும் திறக்கிறதுக்கு இல்ல. அதனாலதான் மறக்கக் கூடாது" என்றார் வீட்டம்மா. "சரி, திரும்பலாம்."

சாவியார் உடனே திரும்பவில்லை. மூன்றாவது முறையும் படித்துவிட்டுத்தான் திரும்பினார்.